ஒரு சொல் போதுமான இடத்தில் இரண்டு சொல் எதற்கு?

வியாபாரக் கடிதங்களில் நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு விடயத்தை நீண்ட நாட்களாக எழுத வேண்டும் என்றிருந்தேன். இலக்கணப் பிழைகளைப் பற்றியல்ல. அவற்றைத் திருத்துவதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், க.பொ.த. சாதாரண தரத்தோடு கடைக்கு வந்த எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு சொல்லை எழுதிவிட்டு, அதே கருத்தைத் தருகின்ற இன்னொரு சொல்லையும் அதன் பக்கத்தில் உட்கார வைக்கின்ற பழக்கம்.

'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்', 'டிஸ்கஸ் எபவுட்', 'எண்ட் ரிசல்ட்', 'பாஸ்ட் ஹிஸ்டரி', 'ஈச் அன்ட் எவ்ரி'. புறக்கோட்டையிலே எந்தக் கடையின் மின்னஞ்சலைத் திறந்தாலும் இவற்றில் நாலைந்து கிடைக்கும். 'ரிட்டர்ன்' என்றாலே திருப்பித் தருவதுதான். அதன் பின்னால் 'பேக்' வந்தால் திருப்பித் திருப்பித் தருவதாகிவிடும். 'ஹிஸ்டரி' என்பது நடந்து முடிந்தது. நடக்காத சரித்திரம் ஒன்று இருந்தால்தானே 'பாஸ்ட்' என்று பிரித்துச் சொல்ல வேண்டும்?

"இதிலே என்ன நட்டம் நானா? விளங்கினால் போதாதா?" என்று பக்கத்துக் கடைத் தம்பிமார் கேட்பார்கள். விளங்கினால் போதும்தான். பேச்சிலே நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எழுதிய கடிதம் நம் வாயோடு போவதில்லை. அதைப் படிப்பவர் யீவூவிலோ துபாயிலோ இருக்கிறார். நம் முகம் அவருக்குத் தெரியாது. நாம் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பியே அவர் வாசிக்கிறார். அந்த நம்பிக்கையிலேதான் நட்டம் வருகிறது.

எமது தெருவிலே ஒரு வியாபாரி சீனாவிலிருந்து பீங்கான் மக்குகள் 2,400 தருவித்தார். நான்கு டிசைன்கள். உடைந்துவிடக் கூடாதே என்ற கவலையில், ஓடரிலே 'இன்டிவிஜுவலி பேக்ட் செப்பரேட்லி' என்று எழுதினார். 'தனித்தனியாகப் பொதி செய்யவும்' என்பதை அழுத்திச் சொல்வதாக அவர் நினைப்பு. அனுப்பியவர் அதனை இரண்டு கட்டளையாக எடுத்துக்கொண்டார். 'இன்டிவிஜுவலி' என்றதற்காக ஒவ்வொரு மக்கையும் தனிப் பெட்டியில் போட்டார். 'செப்பரேட்லி' என்றதற்காக ஒவ்வொரு டிசைனையும் வெவ்வேறு பெரிய கார்ட்டனில் பிரித்துக் கட்டினார். ஒவ்வொரு டிசைனிலும் மிஞ்சியதற்குத் தனிக் கார்ட்டன், அதிலே பாதி காற்று. முழுக் கொள்கலன் எடுக்காமல் மற்றவர்களின் பொருட்களோடு சேர்த்து அனுப்பும்போது, இப்படி எடை குறைந்து இடம் கூடிய சரக்குக்குக் கன மீற்றர் கணக்கிலேதான் கூலி. ஆறு கன மீற்றரை எதிர்பார்த்தவருக்கு ஒன்பது வந்தது. பெட்டிக்கான செலவு வேறு. முறையிட்டபோது வந்த பதில், "நீங்கள் இரண்டு சொல் எழுதியிருந்தீர்கள், நாங்கள் இரண்டு வேலை செய்தோம்" என்பதுதான். அதிலே பொய்யில்லை.

'ஒரு மக் ஒரு பெட்டி' என்பதற்கு ஆங்கிலத்திலே நாலு சொல் போதும். அந்த நாலு சொல்லை வைத்து யாரும் இரண்டு வேலை செய்ய முடியாது.

வங்கி வழியாக நடக்கின்ற வியாபாரத்தில் இது இன்னும் நுட்பமானது. எல்.சீ. திறந்து பொருள் எடுப்பவர்களுக்குத் தெரியும், வங்கி பொருளைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. கார்ட்டனுக்குள்ளே மக் இருக்கிறதா மண் இருக்கிறதா என்பது அதன் கேள்வியல்ல. இன்வொய்ஸிலே எழுதியிருக்கும் பொருள் விவரம் எல்.சீ.யோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் இதற்கென்று விதிகள் வகுத்திருக்கிறது. யூ.சீ.பீ. 600 என்று அழைக்கப்படும் இப்போதைய விதிகள் 2007 ஜூலை 1ஆம் திகதி அமுலுக்கு வந்தவை. நம்மவர்களில் பலர் அதன் பெயரை எல்.சீ. படிவத்தின் அடியிலே பார்த்திருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். சொற்களுக்கு விலை போட்டு வைத்திருக்கும் ஒரு பட்டியல் என்றே அதனைச் சொல்லலாம்.

உதாரணமாக, 'ப்ரொம்ப்ட் அன்ட் இமீடியட் ஷிப்மன்ட்' என்று எழுதுவது நம்மிடையே சாதாரணம். உடனடியாக, விரைவாக அனுப்பு என்று இரட்டிப்பு அழுத்தம். யூ.சீ.பீ.யின் 3ஆம் உறுப்புரை என்ன சொல்கிறது? 'ப்ரொம்ப்ட்', 'இமீடியட்லி', 'முடிந்தளவு விரைவில்' போன்ற சொற்களை வங்கி கணக்கிலெடுக்காது என்கிறது. ஒரு சொல்லுக்கும் பெறுமதி பூச்சியம், மற்றச் சொல்லுக்கும் பூச்சியம். இரண்டையும் கூட்டினால் என்ன வரும் என்பதைக் கடைப் பையனே சொல்வான். அவசரம் என்றால் திகதியைப் போட வேண்டும்.

'அப்ரொக்ஸிமேட்லி எபவுட் 10 டொன்' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் 'ஏறத்தாழ' என்றே பொருள். ஆனால் இங்கே பெறுமதி பூச்சியமல்ல. அளவின் முன்னால் 'எபவுட்' என்றோ 'அப்ரொக்ஸிமேட்லி' என்றோ எழுதினால், அந்த அளவிலே நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ அனுப்பலாம் என்கிறது 30ஆம் உறுப்புரை. பத்து டொன் கேட்டவருக்கு ஒன்பதும் வரலாம், பதினொன்றும் வரலாம். வாய்ப் பேச்சிலே அர்த்தமில்லாமல் விழுகின்ற 'எபவுட்', எல்.சீ.யிலே விழுந்தால் ஒரு டொன் மிளகாய். அதை இரட்டையாக எழுதுபவர், அந்த ஒற்றைச் சொல் என்ன செய்கிறது என்பதை யோசிக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

ஒரு காலத்தில் தேவையாக இருந்து இப்போது மிகையாகிவிட்ட சோடிகளும் உண்டு. 'இர்ரெவோக்கபிள் லெட்டர் ஒஃப் கிரெடிட்' என்கிறோம். திறந்தவர் தன் இஷ்டப்படி இரத்துச் செய்ய முடியாத எல்.சீ. என்று அர்த்தம். 1983ஆம் ஆண்டின் விதிகளான யூ.சீ.பீ. 400இன் கீழ் இந்தச் சொல்லை எழுதாவிட்டால் அந்த எல்.சீ. இரத்துச் செய்யக்கூடியது என்றே கருதப்பட்டது. ஆகவே அன்று அந்தச் சொல் ஏற்றுமதியாளரின் உயிர்நாடி. பின்னர் வந்த யூ.சீ.பீ. 500 அதனைத் தலைகீழாக்கியது; ஒன்றும் எழுதாவிட்டால் இரத்துச் செய்ய முடியாதது என்றது. 2007இன் விதிகளில் இரத்துச் செய்யக்கூடிய எல்.சீ. என்ற வகையே கிடையாது. சொல் மட்டும் பழக்க தோஷத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது கிடந்தால் கேடில்லை என்பதால் வங்கிகளும் விட்டு வைத்திருக்கின்றன. 'கிளீன் ஒன் போர்ட்' என்று எல்.சீ. கேட்டாலும், கப்பல் பத்திரத்திலே 'கிளீன்' என்ற சொல் எழுதப்பட வேண்டியதில்லை என்று அதே விதிகள் 27ஆம் உறுப்புரையில் சொல்கின்றன. பழுதைப் பற்றி ஒன்றும் எழுதப்படாத பத்திரம் தானாகவே கிளீன்தானே.

எல்.சீ. விண்ணப்பத்திலே பொருள் விவரத்தை அலங்கரித்து எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சேர்க்கின்ற ஒவ்வொரு அடைமொழியையும் அனுப்புபவர் தன் இன்வொய்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். 'மக்' என்பது போதுமான இடத்தில் 'பிராண்ட் நியூ அன்யூஸ்ட்' என்று இரண்டு தடவை புதுசாக்கினால், அவருடைய லிகிதர் அதில் ஒன்றை விட்டுவிட்டாலும் வங்கி அலுவலருக்குக் கேள்வி வருகிறது. ஆவணத்தில் முரண் என்று குறிப்பெழுதினால் அதற்கும் ஒரு கட்டணம். பொருள் துறைமுகத்தில் கிடக்கின்ற நாட்களுக்கு வேறு கட்டணம்.

சரி, ஏன் இப்படி எழுதுகிறோம்? எனக்குத் தெரிந்தவரை காரணம் மூன்று.

முதலாவது, நாம் தமிழிலே யோசிக்கிறோம். 'திருப்பி அனுப்பினேன்' என்பது தமிழிலே இரண்டு சொல். 'அனுப்பினேன்' என்பதற்கு ஒரு ஆங்கிலச் சொல்லும், 'திருப்பி' என்பதற்கு இன்னொன்றும் தேடுகிறோம். 'ரிட்டர்ன்' என்ற ஒன்றுக்குள்ளேயே இரண்டும் அடங்கியிருக்கின்றன என்பது மறந்துபோகிறது. 'விலையைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்பதிலே 'பற்றி' நமக்குத் தேவை. 'டிஸ்கஸ்' என்ற வினைச்சொல்லுக்குள்ளே அந்தப் 'பற்றி' ஏற்கனவே இருக்கிறது, 'எபவுட்' வேண்டாம். ஆனால் 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் 'எபவுட்' வர வேண்டும். 'ஓடர்', 'ரிக்வெஸ்ட்' இரண்டும் இதே மாதிரித்தான். 'நாங்கள் நூறு பெட்டி ஓடர் செய்கிறோம்' என்று வினையாக வந்தால் 'ஃபோர்' தேவையில்லை. 'நூறு பெட்டிக்கான ஓடர்' என்று பெயராக வந்தால் தேவை. கடைக்கு வருகின்ற பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாலே அரைவாசிப் பிழை போய்விடும்.

'கைன்ட்லி ரிவர்ட் பேக்' என்பது தனிக் கதை. 'ரிவர்ட்' என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது. இஸ்லாத்தைத் தழுவியவர்களை 'ரிவர்ட்' என்று அழைப்பதும் அந்தக் கருத்திலேதான். இந்தியாவிலும் இலங்கையிலும் அலுவலக ஆங்கிலத்தில் அது 'பதில் அனுப்புங்கள்' என்றாகிவிட்டது. அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஒரு பிரதேசத்தார் எல்லோரும் ஒரு சொல்லை ஒரு கருத்திலே பாவித்தால் அது அவர்களுக்குச் சரியான சொல்லே. ஆனால் இந்தப் பாவனைக்குப் பழக்கப்படாத வெள்ளைக்காரருக்கு 'ரிவர்ட் பேக்' என்று எழுதினால், எந்தப் பழைய நிலைக்குத் திரும்பச் சொல்கிறார்கள் என்று அவர் விழிப்பார். 'ரிப்ளை' என்று ஒரு சொல் இருக்கிறதே!

தமிழிலும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 'நடு சென்டர்', 'லாஸ்ட் கடைசி' என்று தினமும் சொல்கிறோம். பாடசாலையிலே படித்த 'ஒருபொருட் பன்மொழி' சிலருக்கு நினைவிருக்கும். 'நடுமையம்', 'மீமிசை' என்று ஒரே பொருளைத் தரும் இரு சொற்கள் சேர்ந்து வருவதை இலக்கணம் அனுமதிக்கிறது. அதே இலக்கணம் 'கூறியது கூறல்', 'மிகைபடக் கூறல்' இரண்டையும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களிலே சேர்த்தும் இருக்கிறது. அழகுக்காகவும் அழுத்தத்துக்காகவும் வந்தால் சிறப்பு, கவனமில்லாமல் வந்தால் குற்றம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தமிழாசிரியர் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்.

இரண்டாவது காரணம் வக்கீல்மார். குற்றஞ்சாட்டவில்லை, வரலாறு அப்படி. 1066இல் நோர்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆள்பவர்களின் மொழி பிரெஞ்சு, எழுத்து வேலைகளுக்கு லத்தீன், மக்களின் மொழி ஆங்கிலம் என்றாகிவிட்டது. நீதிமன்றங்களில் வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது. இப்படியான நாட்டிலே பத்திரம் எழுதுபவர் ஒரே பொருளுக்கு இரண்டு மொழிச் சொல்லையும் போட்டு வைத்தார். 'குட்ஸ் அன்ட் செட்டல்ஸ்' என்பதில் முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு. 'வில் அன்ட் டெஸ்டமன்ட்' என்பதில் இரண்டாவது லத்தீனிலிருந்து வந்தது. எல்லாச் சோடியும் இப்படிப் பிறந்தவையல்ல. 'நல் அன்ட் வொய்ட்' என்பதில் இரண்டுமே கடல் கடந்து வந்தவைதான். சொல்லின் ஓசையிலே ஒரு கனம் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சட்டம் நமக்கும் வந்து சேர்ந்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வர்த்தக விடயங்கள் பலவற்றிலே ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். விற்கிறேன் என்பதற்கு 'கிரான்ட், செல், அசைன், கன்வே, ட்ரான்ஸ்ஃபர், செட் ஓவர்' என்று ஆறு சொற்கள் நிற்கும். நொத்தாரிசு அப்படி எழுதட்டும். அதிலே கை வைக்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாக வழக்காடிப் பழகிய சொற்கள் அவை. ஒன்றை எடுத்துவிட்டு அதனால் வரும் வழக்கைப் பேசுவதற்கு எவரும் விரும்புவதில்லை.

சிலது பார்வைக்கு இரட்டை போலத் தெரிந்தாலும் இரட்டையல்ல. 'டேர்ம்ஸ் அன்ட் கண்டிஷன்ஸ்' என்பதைப் பலர் வெறும் அலங்காரம் என்பார்கள். 1896ஆம் ஆண்டுச் சட்டத்திலே 'கண்டிஷன்' என்பதற்குத் தனி எடை இருக்கிறது. அதை மீறினால் பொருளையே மறுக்கலாம். 'வொரன்டி'யை மீறினால் நட்டஈடு மட்டும்தான் கேட்கலாம், பொருளை மறுக்க முடியாது. இப்படியான இடத்தில் வக்கீலைக் கேட்காமல் எதையும் வெட்டக் கூடாது. என் கவலை என்னவென்றால், நாம் உறுதியிலுள்ள ஆங்கிலத்தைப் பார்த்து, கல்வியறிவுள்ள ஆங்கிலம் இதுதான் என்று எண்ணி, மக் வாங்குகிற கடிதத்துக்கும் அதையே போர்த்திவிடுகிறோம்.

அதுவே மூன்றாவது காரணத்துக்குக் கொண்டுபோகிறது. அது வெட்கம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். தமிழ் மொழி மூலம் படித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்த நமக்கு ஆங்கிலத்தில் எழுத ஒரு கூச்சம் இருக்கிறது. சின்னக் கடிதம் எழுதினால் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நீளத்தினால் மூடுகிறோம். ஒரு சொல்லோடு நிறுத்தினால் அது சரியான சொல்தானா என்ற சந்தேகம் வருகிறது. இரண்டாவதையும் போட்டால் ஒன்றாவது சரியாக இருக்குமே என்ற எண்ணம். ஆங்கில வகுப்பு நடத்தும் சிலரும் பழைய மனு எழுதும் புத்தகங்களிலுள்ள 'என்க்ளோஸ்ட் ஹியர்வித்' போன்றவற்றை மனப்பாடமாக்கிக் கொடுத்து, அதற்குக் காசும் வாங்குகிறார்கள். 'என்க்ளோஸ்ட்' என்றால் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கடிதத்துக்குள்ளே இல்லாமல் வேறெந்தக் கடிதத்துக்குள்ளே?

நான் கண்ட மட்டில், பெரிய கம்பனிகளிலே கொள்வனவுக்குப் பொறுப்பாக இருந்து நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களின் கடிதங்கள் நம்முடையதை விடக் கட்டையானவை. நீளமாக எழுதினால் மதிப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அவர்கள் மூன்று வரியிலே விலையைக் குறைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

முதலெழுத்துக்களைச் சேர்த்துச் சொல்கின்ற பெயர்களில் வரும் இரட்டிப்பையும் குறிப்பிட வேண்டும். 'ஏ.டி.எம். மெஷின்' என்பதில் கடைசி 'எம்'மே மெஷின்தான். 'பின் நம்பர்', 'டின் நம்பர்' இரண்டிலும் கடைசி எழுத்து நம்பர். 'வற் வரி' என்று பத்திரிகைகளிலேயே வருகிறது. 'வற்' என்பதன் கடைசி எழுத்து வரியைத்தான் குறிக்கிறது. ஒரு வரி கட்டவே மூச்சுத் திணறுகிறது, இதிலே வரிக்கு வரி! 'ஈ.பீ.எப். நிதி' என்பதும் நிதி நிதியே. ஆங்கில வரைபடங்களில் 'களு கங்கா ரிவர்' என்று எழுதுகிறார்கள். சிங்களத்திலே 'கங்க' என்றால் ஆறு. 'ஸஹாரா டெஸர்ட்' என்பதைக் கேட்டால் அரபு படித்தவர்கள் சிரிப்பார்கள், பாலைவனம் என்பதற்கான அரபுச் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. நாமும் 'ஈத் பெருநாள்' என்கிறோம், 'லைலத்துல் கத்ர் இரவு' என்கிறோம்.

இவற்றிலே எனக்குப் பெரிய கோபமில்லை. கேட்பவருக்கு முதற் சொல் விளங்காதபோது இரண்டாவது சொல் அவருக்கு உதவி செய்கிறது. கடை வாசலில் 'ஈத் ஃபெஸ்டிவல் சேல்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், ஈத் என்றால் என்னவென்று தெரியாத வாடிக்கையாளரும் உள்ளே வருவார். அது மிகைச் சொல்லல்ல, வழிகாட்டி. வரித் திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்திலே 'டின் நம்பர்' என்று எழுதுவதுதான் வேண்டாத வேலை. அவர்களுக்கு அது தெரியும்.

'ஃப்ரீ கிஃப்ட்' என்பதையும் இந்த வகையில் பார்க்க வேண்டும். கிஃப்ட் என்றாலே இலவசம். ஆனால் 'கிஃப்ட்' என்று மட்டும் எழுதினால் வாடிக்கையாளர் நம்புவதில்லை, அதன் விலையை மற்றப் பொருளிலே ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறார். 'ஃப்ரீ' போட்டாலும் அப்படித்தான் நினைக்கிறார் என்பது வேறு விடயம். நினைப்பதிலே தவறுமில்லை.

இரண்டாவது சொல் உண்மையிலேயே உழைக்கின்ற இடங்களுக்கு வருகிறேன். காசோலையிலே 'ரூபா பத்தாயிரம் மட்டும்' என்று எழுதுகிறோம். 'மட்டும்' இல்லாவிட்டாலும் தொகை அதேதான். ஆனால் அந்தச் சொல், பின்னால் வேறொருவர் 'ஐந்நூறு' என்று சேர்ப்பதற்கு இடம் வைக்காமல் கதவைப் பூட்டுகிறது. தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் இரண்டு தடவை எழுதுவதும் வீணல்ல. இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1927ஆம் ஆண்டின் உண்டியல் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

கறுவா வியாபாரிகள் 'ட்ரூ சினமன்' என்று எழுதுவார்கள். உண்மையான கறுவா, அப்படியானால் பொய்க் கறுவா உண்டா? உண்டு. காஸியா என்ற வேறு மரத்தின் தடித்த பட்டையும் உலகச் சந்தையிலே சினமன் என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. ஆகவே அந்த 'ட்ரூ' தன் கூலியை உழைத்துச் சாப்பிடுகிறது. 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் 'ட்ரூ ஜெனுயின் ஒரிஜினல் சிலோன் சினமன்' என்று மூன்று சத்தியம் செய்பவரைக் கண்டால் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும். நம் கடைக்கு வந்து ஒரே பேச்சிலே மூன்று தடவை சத்தியம் செய்பவருக்கு நாம் கடன் கொடுக்கிறோமா?

'ஒன் ஓர் பிஃபோர்' கூட இரட்டையல்ல. அன்றைய தினத்தில் அல்லது அதற்கு முன்னர் என்று இரண்டும் தேவை. மாறாக, 'மினிமம் ஒஃப் அட் லீஸ்ட்', 'மெக்ஸிமம் அப் டு' போன்றவற்றிலே ஒன்றை வெட்டினாலும் ஒன்றும் குறையாது. என் சோதனை இதுதான்: ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு வாசிப்பேன். அப்போதும் அதே விலை, அதே அளவு, அதே திகதி, அதே பொறுப்பு இருந்தால் அந்தச் சொல் போகலாம். ஏதாவது ஒன்று அசைந்தால் அது இருக்கட்டும்.

எங்கள் வாப்பா வேலை பார்த்த கடையிலே, மேசை லாச்சிக்குள் பென்ட்லியின் கோட் புத்தகம் என்ற தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு கொடுத்த காலத்தில் பாவித்தது. 'உங்கள் விலை ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பது போன்ற முழு வசனத்துக்கும் ஐந்து எழுத்து. அப்படி இரண்டை ஒட்டிப் பத்தெழுத்தாக்கினால் தந்தி அலுவலகத்திலே ஒரு சொல்லுக்கான காசு. அந்தத் தலைமுறை வியாபாரிகளில் யாரும் பட்டதாரிகளல்லர். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத் துணைக்கு அனுப்பினால் பையிலிருந்து காசு போகும் என்பதே அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தது. மின்னஞ்சல் வந்த பிறகு நூறு சொல்லுக்கும் ஆயிரம் சொல்லுக்கும் ஒரே விலை. காசு வாங்காத சாலையிலே எல்லோரும் வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டோம்.

இப்போது கைத்தொலைபேசியிடமே கடிதம் எழுதச் சொல்கிறார்கள் பிள்ளைகள். அதிலே எழுத்துப் பிழை கிடையாது, இலக்கணமும் சுத்தம். பயனுள்ள சாமான்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொற்களைச் சோடி சேர்ப்பதில் அது நம்மையும் மிஞ்சுகிறது. எட்டுக் கார்ட்டன் குறைந்து வந்ததற்கு ஒரு கடிதம் கேட்டால், முதலிலே அனுப்பியவரின் நலத்தையும் சுகத்தையும் விசாரித்து, நீண்டகால நல்லுறவையும் ஒத்துழைப்பையும் பாராட்டி, இந்த விடயத்தைக் கவனத்துக்கும் பார்வைக்கும் கொண்டுவந்து, விரைவானதும் துரிதமானதுமான தீர்வை எதிர்பார்த்து நிற்கிறது. எட்டு என்ற எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் வாசிப்பவருக்குத் தேத்தண்ணீர் ஆறிவிடும். அனுப்பியவர் தட்டிக்கழிக்க விரும்பினால் அந்தப் பாராட்டுக்கெல்லாம் நன்றி சொல்லி ஒரு பதில் எழுதிவிட்டு எட்டை மறந்துவிடலாம்.

எங்கள் கடையிலிருந்து அப்படியான முறைப்பாட்டுக்குப் போகும் கடிதத்தை அப்படியே தருகிறேன், விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: "யுவர் இன்வொய்ஸ் ஷோஸ் 120 கார்ட்டன்ஸ். வீ ரிசீவ்ட் 112. ப்ளீஸ் ஷிப் த அதர் எயிட் ஓர் கிரெடிட் அஸ்." பதினாறு சொற்கள். மேலே இன்வொய்ஸ் இலக்கமும் திகதியும், கீழே பெயரும் கடை முத்திரையும். அதோடு கார்ட்டன் எண்ணிய துண்டின் படம் ஒன்றை இணைத்து அன்றைக்கே அனுப்பிவிடுவோம்.